ஏ.பி.யில் அஞ்சு வாங்கியாச்சு, கல்லூரியில் எந்த மொழி வகுப்பில் சேர்வது?

ஒவ்வோர் ஆண்டும் ஜூலையில் ஏ.பி. மதிப்பெண்கள் வந்ததும் எங்கள் ஊர்த் தமிழ்ப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரே கேள்வி சுற்றிச் சுற்றி வரும். "பொண்ணு ஸ்பானிஷ்ல அஞ்சு வாங்கிட்டா. காலேஜ்ல இனிமே லாங்குவேஜ் எடுக்க வேண்டாம்தானே?" ஒருவர் வேண்டவே வேண்டாம் என்பார். இன்னொருவர், நேராக மூன்றாம் ஆண்டு வகுப்பில் உட்கார வைப்பார்கள் என்பார். மற்றொருவர், "பேசாம முதல் லெவல்லயே சேரச் சொல்லுங்க, சுலபமா ஏ கிரேடு கிடைக்கும்" என்று யோசனை சொல்வார்.

மூன்று பேருமே பொய் சொல்லவில்லை. அவரவர் பிள்ளைக்கு அவரவர் கல்லூரியில் நடந்ததைச் சொல்கிறார்கள். ஆனால் அது இன்னொரு பிள்ளைக்குப் பொருந்தாமல் போவதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் புரியாததால் என் மூத்த மகள் கல்லூரியின் முதல் மாதத்தில் நிறையவே தவித்தாள். அது மற்ற பிள்ளைகளுக்கு நேரக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அமெரிக்கக் கல்லூரி நடைமுறை புதிதாக இருப்பவர்களையும் மனத்தில் வைத்து, அடியிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில், ஏ.பி. என்றால் என்ன?

ஏ.பி. என்பது அட்வான்ஸ்டு பிளேஸ்மெண்ட் என்பதன் சுருக்கம். பள்ளியில் படிக்கும்போதே கல்லூரி முதலாண்டுத் தரத்தில் ஒரு பாடத்தைப் படித்து, மே மாதம் நாடு முழுவதற்கும் பொதுவான ஒரு தேர்வை எழுதுவது. 1955இலிருந்து காலேஜ் போர்டு என்ற அமைப்பு இதை நடத்துகிறது. மதிப்பெண் 1 முதல் 5 வரை. 3 வாங்கினால் தகுதி உண்டு என்று காலேஜ் போர்டு சொல்கிறது. அந்த 3ஐ ஏற்பதா, 4 வேண்டுமா, 5 வேண்டுமா என்பதைப் பெரும்பாலும் அந்தந்தக் கல்லூரிதான் முடிவு செய்கிறது.

மொழிகளில் ஸ்பானிஷ், பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியன், சீனம், ஜப்பானியம், லத்தீன் ஆகியவற்றுக்கு ஏ.பி. தேர்வு இருக்கிறது. ஸ்பானிஷுக்கு மட்டும் இரண்டு: ஒன்று மொழிக்கு, இன்னொன்று இலக்கியத்துக்கு. தமிழுக்கு ஏ.பி. இல்லை. அதைப் பற்றிக் கடைசியில் பேசுவோம்.

பாட்டு வகுப்பு மாறும் குழந்தை

டல்லாஸில் ஒரு குழந்தை கர்நாடக சங்கீதம் கற்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். சரளி வரிசை, அலங்காரம், கீதம் எல்லாம் முடித்து வர்ணத்துக்கு வந்துவிட்டாள். அப்பாவுக்கு வேலை மாறி, குடும்பம் சியாட்டிலுக்குப் போகிறது. அங்கே புது டீச்சர்.

அம்மா சொல்கிறார், "அஞ்சு வருஷம் கத்துக்கிட்டா, மூணு வர்ணம் ஆயிடுச்சு." டீச்சர் அதைக் கேட்டுக்கொள்கிறார். அந்த ஐந்து வருடத்தை யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். அப்புறம் டீச்சர் குழந்தையைப் பார்த்து, "எங்கே, ஒரு வர்ணம் பாடும்மா" என்கிறார். அவள் பாடுவதைக் கேட்டுவிட்டுத்தான் எந்த வகுப்பில் உட்கார வைப்பது என்று முடிவு செய்கிறார். இதற்கு நடுவில், ஊர் தியாகராஜ ஆராதனையில் குழந்தைகள் பாட வேண்டுமானால் குறைந்தது இரண்டு கிருதி தெரிந்திருக்க வேண்டும் என்று அங்கே ஒரு விதி இருக்கலாம். கற்ற வருடங்கள், உட்காரும் வகுப்பு, ஆராதனை விதி என்று இங்கே மூன்று விஷயங்கள் தனித்தனியாக இருக்கின்றன. ஐந்து வருடம் கற்றவள் என்பதாலேயே மேல் வகுப்பு கிடைத்துவிடாது. மேல் வகுப்பில் இருப்பதாலேயே ஆராதனை விதி நிறைவேறிவிடாது.

கல்லூரியிலும் இதே கதைதான். நம் குழப்பமெல்லாம் இந்த மூன்றையும் ஒன்றாக நினைப்பதால் வருகிறது.

கிரெடிட், பிளேஸ்மெண்ட், கட்டாயம்

கிரெடிட் என்பது பட்டத்துக்குத் தேவையான பாட அளவு. செமஸ்டர் முறையில் நடக்கும் கல்லூரிகளில் இளநிலைப் பட்டத்துக்குப் பொதுவாக 120 கிரெடிட் வேண்டும். ஏ.பி. மதிப்பெண்ணைக் காட்டினால் அதில் சிலவற்றைக் கல்லூரி முன்கூட்டியே வரவு வைக்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழக அமைப்பில் ஏ.பி. ஸ்பானிஷ் மொழித் தேர்வில் 3 அல்லது அதற்கு மேல் வாங்கினால் 8 குவார்ட்டர் யூனிட் கிடைக்கும். யூனிட் என்பது கிரெடிட்டுக்கு அங்கே வழங்கும் பெயர். ஆண்டைச் செமஸ்டரை விடச் சிறிய பருவங்களாகப் பிரிக்கும் குவார்ட்டர் முறையில் பட்டத்துக்கு 180 யூனிட் தேவை. டெக்சஸில் 2015இல் ஒரு சட்டமே வந்தது. அரசுக் கல்லூரிகள் கீழ்நிலைப் பாடங்களுக்கு 3 மதிப்பெண்ணுக்கே கிரெடிட் தர வேண்டும், அதற்கு மேல் கேட்பதானால் தகுந்த ஆதாரம் இருக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம்.

பிளேஸ்மெண்ட் என்பது எந்த நிலை வகுப்பில் சேரலாம் என்ற முடிவு. இதற்கும் கிரெடிட்டுக்கும் கட்டாயத் தொடர்பு கிடையாது. கிரெடிட்டே தராமல் மேல் வகுப்பில் சேர மட்டும் அனுமதிக்கும் கல்லூரிகள் உண்டு. கிரெடிட்டைத் தந்துவிட்டு, "எந்த வகுப்பு என்பதை எங்கள் தேர்வை எழுதி முடிவு செய்துகொள்" என்று சொல்லும் கல்லூரிகளும் உண்டு.

மூன்றாவது, மொழிக் கட்டாயம். கலை, அறிவியல் பட்டங்களுக்குப் பல கல்லூரிகள் ஒரு அயல்மொழியில் குறிப்பிட்ட நிலையை எட்டியிருக்க வேண்டும் என்கின்றன. பொறியியல் பிரிவில் பல இடங்களில் அந்த நிபந்தனை இருப்பதில்லை. சில கல்லூரிகளில் நல்ல ஏ.பி. மதிப்பெண் இருந்தாலே கட்டாயம் தீர்ந்தது. யேல் பல்கலைக்கழகம் அப்படி விடுவதில்லை. அங்கே மொழி வகுப்புகளுக்கு எல்1 முதல் எல்5 வரை நிலை உண்டு. எல்5க்குத் தகுதி பெற்று வரும் மாணவரும் கல்லூரியில் மேற்கொண்டு மொழி படித்தாக வேண்டும்.

ஆக, "எங்க பையனுக்கு ஏ.பி. ஏத்துக்கிட்டாங்க" என்று ஒருவர் சொன்னால், எதற்காக ஏற்றுக்கொண்டார்கள் என்று திருப்பிக் கேளுங்கள். வரவு வைக்கவா, மேல் வகுப்பில் சேர்க்கவா, கட்டாயத்தைத் தீர்க்கவா? மூன்றுக்கும் மூன்று பதில் இருக்கும்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏ.பி. கிரெடிட் கிடைத்தால் கல்விக் கட்டணம் குறையும் என்று பலர் நம்புகிறார்கள். கட்டணத்தை ஒவ்வொரு கிரெடிட்டுக்கும் தனியாக வாங்கும் இடத்தில் அது உண்மை. செமஸ்டருக்கு இவ்வளவு என்று மொத்தமாக வாங்கும் கல்லூரியில், ஒரு செமஸ்டர் முன்னதாகவே பட்டம் முடித்தால்தான் மிச்சம். கிரெடிட் அதிகமாக உள்ளவர்கள் வகுப்புகளுக்கு முன்னதாகப் பதிவு செய்யலாம் என்ற வசதி சில இடங்களில் உண்டு. அது சிறிய லாபம்தான், ஆனால் இடம் சீக்கிரம் நிரம்பும் வகுப்புகளுக்கு உதவும்.

அந்த 5க்குள் என்ன இருக்கிறது?

ஏ.பி. மொழித் தேர்வுகள் பெரும்பாலும் நான்கு திறன்களைச் சோதிக்கின்றன: வாசிப்பது, கேட்டுப் புரிந்துகொள்வது, எழுதுவது, பேசுவது. லத்தீனில் மட்டும் பேச்சு கிடையாது, பழைய நூல்களைப் படித்துப் பொருள் சொல்ல வேண்டும். என் மகள் ஸ்பானிஷ் எழுதிய காலத்தில் பாதி மதிப்பெண் வாசிப்புக்கும் கேட்டலுக்கும், மறுபாதி எழுத்துக்கும் பேச்சுக்கும். உரையாடல் பகுதியில் ஒவ்வொரு பதிலுக்கும் 20 விநாடி. பிறகு இரண்டு நிமிடம் தொடர்ந்து பேச வேண்டும். பேச்சுப் பகுதி மொத்தமே அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் கூட்டிக் கடைசியில் ஒரே ஓர் எண் தருகிறார்கள். இரண்டு பிள்ளைகள் 4 வாங்கியிருக்கலாம். ஒருத்தி நன்றாகப் படித்துப் புரிந்துகொள்வாள், வாய் திறந்தால் திக்குவாள். இன்னொருவன் சரளமாகப் பேசுவான், எழுதச் சொன்னால் ஒவ்வொரு வரியிலும் பிழை வரும். எண் ஒன்றே. இருவருக்கும் வேண்டிய வகுப்பு வேறு.

நம் வீடுகளில் இது தெரிந்த காட்சிதான். பாட்டியுடன் உட்கார்ந்து தமிழ் சீரியல் முழுவதையும் புரிந்துகொண்டு பார்க்கும் பேரன், பாட்டி கேட்கும் கேள்விக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்வான். புரிவது ஒரு திறன், சொல்வது வேறு திறன். மொழி ஆசிரியர்கள் முதலாவதை உள்வாங்கும் திறன் என்றும் இரண்டாவதை வெளிப்படுத்தும் திறன் என்றும் பிரித்துப் பேசுவார்கள். வெளிப்படுத்தும் திறன் எப்போதும் கொஞ்சம் பின்னால்தான் வரும். பயிற்சி விட்டால் முதலில் மங்குவதும் பெரும்பாலும் அதுதான்.

யார் எழுதினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். மொழித் தேர்வு முடிவுகளைக் காலேஜ் போர்டு இரண்டு வகையாகக் காட்டுகிறது: எழுதிய எல்லோரையும் சேர்த்து ஒன்று, பெரும்பாலும் அமெரிக்கப் பள்ளியிலேயே அந்த மொழியைக் கற்றவர்களுக்குத் தனியாக ஒன்று. வீட்டில் அந்த மொழியைப் பேசியோ கேட்டோ வளர்ந்தவர்களும், அந்த மொழி பேசும் நாட்டில் ஒரு மாதமோ அதற்கு மேலோ இருந்தவர்களும் இரண்டாம் வகையில் வர மாட்டார்கள். இவர்களில் வீட்டிலேயே மொழியைக் கேட்டு வளர்ந்தவர்களை மரபு மொழியினர் என்கிறார்கள். சீனத்தில் இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். அந்தத் தேர்வைக் கணினியில் எழுத வேண்டும். ஒலியை ஆங்கில எழுத்தில் தட்டினால் திரையில் சீன எழுத்துகள் வரும், சரியானதைத் தேர்ந்தெடுத்தால் போதும். அதில் 5 வாங்கிய பிள்ளை, கையால் எழுதச் சொல்லும் கல்லூரி வகுப்பில் பேனாவைப் பிடித்துக்கொண்டு திகைத்து நிற்க வாய்ப்பு இருக்கிறது. தேர்வு பொய் சொல்லவில்லை. அது கையெழுத்தைக் கேட்கவே இல்லை.

கடைசியாக, காலம். மதிப்பெண் சொல்வது அந்த மே மாதத்தின் நிலைமையை மட்டுமே. பதினொன்றாம் வகுப்பில் ஏ.பி. எழுதிவிட்டு, பன்னிரண்டில் மொழியே எடுக்காமல் இருந்தால், கல்லூரியில் நுழையும்போது பதினைந்து மாத இடைவெளி ஆகியிருக்கும். பாட்டுக் கற்றவர்களுக்குத் தெரியும், ஒரு வருடம் சாதகம் விட்டால் குரல் என்ன ஆகும் என்று.

சுருக்கமாக: மதிப்பெண் உண்மையான உழைப்பின் அடையாளம். ஆனால் எந்தத் திறனில் பலம், எதில் பலவீனம், இன்று எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை அது சொல்லாது. வகுப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டிய தகவல் இந்த மூன்றும்தான்.

படிக்கட்டில் ஒரு திருப்பம்

கல்லூரி மொழி வகுப்புகளை ஒரு படிக்கட்டாக நினைத்துக்கொள்ளுங்கள். எண்கள் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். பல இடங்களில் 101, 102 முதல் ஆண்டு. 201, 202 இரண்டாம் ஆண்டு. 300க்கு மேல் போனால் உயர்நிலை. பள்ளியில் இரண்டு ஆண்டு கற்பது கல்லூரியில் ஓர் ஆண்டுக்குச் சமம் என்று ஒரு பொதுக் கணக்கு உண்டு. கல்லூரி வகுப்பு அவ்வளவு வேகமாக ஓடும்.

முதல் நான்கு படிகளில் மொழியைக் கற்றுத் தருகிறார்கள். வினைச்சொல் எப்படி மாறும், கடந்த காலம் எப்படி வரும், கடையில் என்ன பேசுவது என்றெல்லாம். 300ஐத் தாண்டியதும் மொழியைக் கற்றுத் தருவது பெரும்பாலும் நின்றுவிடும். மொழி உங்களிடம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, அதன் வழியாக வேறொன்றைக் கற்றுத் தருவார்கள். லத்தீன் அமெரிக்க வரலாறு, சிறுகதை, திரைப்படம் என்று. வாரத்துக்கு நாற்பது ஐம்பது பக்கம் படிக்க வேண்டியிருக்கும். வகுப்பு விவாதம், கட்டுரை எல்லாம் அந்த மொழியில்.

ஏ.பி.யில் 4, 5 வாங்கியவர்கள் பெரும்பாலும் வந்து நிற்பது சரியாக இந்தத் திருப்பத்தில்தான். அதனால்தான் வகுப்பைத் தேர்ந்தெடுப்பது அவ்வளவு கடினமாகிறது. கீழே போனால் தெரிந்ததையே திரும்பக் கேட்கும் சலிப்பு. மேலே போனால் மூச்சு முட்டும்.

என் மகளுக்கு நடந்தது இதுதான். பதினொன்றாம் வகுப்பில் 5 வாங்கினாள். பன்னிரண்டில் கால அட்டவணையில் இடம் இல்லாமல் ஸ்பானிஷை விட்டுவிட்டாள். கல்லூரி அந்த 5ஐப் பார்த்து நேராக ஓர் இலக்கிய வகுப்பில் சேரலாம் என்று திரையில் காட்டியது. அவளும் நாங்களும் பெருமையாக அதையே எடுத்தோம். முதல் வாரம் ஆசிரியர் பேசியது புரிந்தது. இரண்டாம் வாரம் விவாதத்தில் பேச வாய் வரவில்லை. மூன்றாம் வாரம் தொலைபேசியில், "எனக்கு ஸ்பானிஷே தெரியாதுன்னு தோணுதும்மா" என்று அழுதாள். நான்கு வருடம் ஆசையோடு படித்த பிள்ளை அப்படிச் சொன்னதை இப்போது நினைத்தாலும் மனம் கனக்கிறது. அதற்குள் வகுப்பை மாற்றும் கடைசி நாள் கடந்துவிட்டது. பாதியில் விலகினாள். மதிப்பெண் சான்றிதழில், விலகியதைக் காட்டும் டபிள்யூ என்ற எழுத்து ஏறியது.

அவளுக்கு அப்போது தேவைப்பட்டது இரண்டுக்கும் நடுவில் உள்ள வகுப்பு. பல மொழித் துறைகளில் அது இருக்கிறது. உயர்நிலை உரையாடல், உயர்நிலைக் கட்டுரைப் பயிற்சி, இலக்கிய வாசிப்புக்கு அறிமுகம் என்று வெவ்வேறு பெயரில் வரும். இவற்றைப் பாலம் போன்ற வகுப்புகள் என்று சொல்லலாம். எழுதிக் காட்டித் திருத்தம் வாங்க இடம் இருக்கும், விட்டுப்போன இலக்கணத்தை ஒட்டவைத்துக்கொள்ளலாம், வாசிப்பும் மெதுவாகக் கூடும். மகள் அடுத்த செமஸ்டரில் உரையாடல் வகுப்பில் சேர்ந்தாள். ஆறு வாரத்தில் பழைய ஸ்பானிஷ் திரும்பி வந்தது. அடுத்த ஆண்டு அதே இலக்கிய வகுப்பை எடுத்து நன்றாகவே முடித்தாள்.

ஏ.பி. ஸ்பானிஷ் இலக்கியத் தேர்வு எழுதியவர்களின் நிலை வேறு. அந்தப் பாடத்தில் 38 படைப்புகள் கொண்ட வாசிப்புப் பட்டியல் உண்டு. அதை முழுக்கப் படித்து வந்தவர்களுக்கு இலக்கிய வகுப்பு அவ்வளவு அந்நியமாக இருக்காது.

பிளேஸ்மெண்ட் தேர்வை எழுதுவது எப்படி?

பிளேஸ்மெண்ட் தேர்வு என்பது புது டீச்சர் "ஒரு வர்ணம் பாடு" என்று கேட்பதற்கு இணையானது. ஏ.பி. மதிப்பெண் இருப்பவர்கள் இதைத் தவிர்க்கலாம் என்று சில கல்லூரிகள் சொல்லும். அனுமதி உண்டு என்றால், மதிப்பெண் இருந்தாலும் எழுதிப் பார்க்கச் சொல்வேன். செலவு அரை மணி நேரம். கிடைப்பது இன்றைய நிலவரம்.

இவற்றில் பல, தகவமைப்புத் தேர்வுகள். பதிலைப் பொறுத்து அடுத்த கேள்வியின் கடினம் மாறும் தேர்வு என்று பொருள். கண் மருத்துவர் பலகையில் எழுத்துகளைப் படிக்கச் சொல்வாரே, படித்துவிட்டால் சிறிய வரி, தடுமாறினால் பெரிய வரி, அது போல. பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் உருவான வெப்கேப் இந்த வகை. கொஞ்ச நேரத்திலேயே உங்கள் படியைக் கண்டுபிடித்துவிடும். ஆனால் அது பேசச் சொல்வதில்லை, கட்டுரை எழுதச் சொல்வதில்லை. அதனால் பேச்சில் பின்தங்கியவர்கள் துறையில் ஒருவரைச் சந்தித்துப் பத்து நிமிடம் பேசிப் பார்ப்பது நல்லது. பெரும்பாலான மொழி ஆசிரியர்கள் இதற்கு மகிழ்ச்சியாக நேரம் ஒதுக்குவார்கள்.

தேர்வுக்கு முன் விழுந்து விழுந்து படிக்காதீர்கள். வேண்டுமென்றே தப்பாகவும் எழுதாதீர்கள். முதலாவது செய்தால் தாங்க முடியாத வகுப்பில் போய் விழுவீர்கள். இரண்டாவது, எளிதாக ஏ வாங்கும் ஆசையில் செய்வது. அதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. 101இல் உண்மையிலேயே முதல் முறை ஹலோ சொல்லக் கற்கும் பிள்ளைகள் இருப்பார்கள். பக்கத்தில் நான்கு வருடம் படித்தவர் உட்கார்ந்து பதில் சொன்னால் அவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். பல துறைகள் இதனாலேயே அப்படிப்பட்டவர்களைக் கீழ் வகுப்பில் சேர விடுவதில்லை.

ஒரே காசோலையை இரண்டு முறை போட முடியாது

கிரெடிட்டில் பலர் அறியாமல் இழப்பது இங்கேதான். ஏ.பி. மூலம் உங்களுக்கு 201, 202க்கான கிரெடிட் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நம்பிக்கை இல்லாமல் 202இல் சேர்ந்து படித்தால், அதே பாடத்துக்கு இரண்டு முறை வரவு தர முடியாது என்று சொல்லி ஒன்றை நீக்கிவிடுவார்கள். இப்படி இரண்டு முறை வருவதற்கு டூப்ளிகேட் கிரெடிட் என்று பெயர். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் தன் மாணவர்களை இது பற்றி வெளிப்படையாகவே எச்சரிக்கிறது.

அதற்காகக் கீழே இறங்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். அடித்தளம் ஆடினால், நான்கு கிரெடிட்டை இழந்தாவது 202இல் உட்காருவது நல்ல முடிவாக இருக்கலாம். இழக்கப் போகிறோம் என்று தெரிந்து இழக்க வேண்டும், அவ்வளவுதான். மருத்துவம், அயல்நாட்டுக் கல்வி என்று அந்த மொழியை உண்மையிலேயே பயன்படுத்தப் போகிற பிள்ளைக்கு, பட்டம் முடியும்போது கையில் இருக்கும் மொழிதான் அந்த நான்கு கிரெடிட்டை விடப் பெரியது.

இதற்கு நேர் எதிரான ஒரு வழக்கமும் உண்டு. மேடிசனில் உள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில், முதல் படியைத் தாண்டிய ஒரு மொழி வகுப்பில் நேரடியாகச் சேர்ந்து பி அல்லது அதற்கு மேல் வாங்கினால், தாண்டி வந்த கீழ் வகுப்புகளுக்கும் சேர்த்து 16 கிரெடிட் வரை தருவார்கள். பின்னோக்கிய கிரெடிட் என்று இதைச் சொல்லலாம். மேல் படியில் நிற்க முடிகிறவருக்கு கீழ்ப்படிகள் தெரிந்துதானே இருக்க வேண்டும் என்பது அதன் நியாயம். உங்கள் கல்லூரியில் இப்படி ஏதாவது இருக்கிறதா என்று கேட்க மறக்காதீர்கள்.

இன்னொன்று, கிரெடிட் தானாகவே பதிவாகும் என்று எல்லா இடத்திலும் நம்பி இருக்க முடியாது. காலேஜ் போர்டிலிருந்து கல்லூரிக்கு மதிப்பெண்ணை நீங்கள்தான் அனுப்பச் சொல்ல வேண்டும். ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் அதற்குப் பிறகும் மாணவர் தானே உரிமை கோரினால்தான் கிரெடிட் ஏறும். இப்படிக் கோரும் முறை இருப்பது நல்லதுதான். பாடத் தேர்வுக்கு வழிகாட்டும் கல்லூரி அட்வைசரிடம் பேசி, எந்த வகுப்பில் சேர்கிறோம் என்று தெரிந்த பிறகு கோரலாம்.

நினைவில் வையுங்கள்: முதலில் நிலையைத் தெரிந்துகொள்வது, பிறகு வகுப்பைத் தேர்வது, அதற்குப் பிறகு கிரெடிட் கணக்கு. நாங்கள் தலைகீழாகச் செய்தோம்.

மொழியை எதற்காகத் தொடர்கிறோம்?

இது பிள்ளையிடம் கேட்க வேண்டிய கேள்வி. நம் வீடுகளில் இதை மட்டும் கேட்காமல் விட்டுவிடுகிறோம்.

மருத்துவம், செவிலியர் பணி, சமூகப் பணி என்று போகிறவர்களுக்கு மருத்துவ ஸ்பானிஷ் போன்ற தொழில்சார் வகுப்புகள் பல கல்லூரிகளில் உண்டு. ஒரு செமஸ்டர் வெளிநாட்டில் படிக்க ஆசை இருந்தால் அந்தத் திட்டம் எந்த நிலையைக் கேட்கிறது என்று முதலாண்டிலேயே பாருங்கள். இடைவெளி விழாமல் வகுப்புகளை அடுக்க வேண்டியிருக்கும். மொழியைத் துணைப் பாடமாக எடுக்க நினைப்பவர்களுக்கு ஏ.பி. நல்ல முன்தொடக்கம். பாதிப் படி ஏறியாகிவிட்டது.

அப்புறம், எனக்கு மிகவும் பிடித்த வழி ஒன்று. கட்டாயம் ஏ.பி.யாலேயே தீர்ந்துவிட்டது என்றால், அந்த இடத்தில் ஒரு புது மொழியைத் தொடங்கலாம். ஸ்பானிஷ் தெரிந்தவர்களுக்கென்றே போர்த்துகீசிய வகுப்பு பல பல்கலைக்கழகங்களில் நடக்கிறது. இரண்டும் லத்தீன் வழி வந்த உறவு மொழிகள் என்பதால் வகுப்பு வேகமாகப் போகும். தமிழ் தெரிந்தவர் மலையாளம் கற்கும்போது பாதி தூரம் முன்பே நடந்திருப்பார் அல்லவா, அப்படி. ஏ.பி. தந்த சுதந்திரத்தை இதை விட நன்றாகச் செலவிட எனக்கு ஒரு வழி தெரியவில்லை.

முதல் இரண்டு வாரம்

எவ்வளவு யோசித்தாலும் வகுப்பில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். செமஸ்டர் தொடங்கியதும் வகுப்பைச் சேர்க்கவும் விடவும் சில நாள் அவகாசம் தருவார்கள். பல இடங்களில் ஒன்று அல்லது இரண்டு வாரம். அந்தக் கடைசி நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். எங்களுக்குத் தெரியாமல் போனது அந்த ஒரு தேதிதான்.

அந்த நாட்களில் எப்படி எடைபோடுவது? ஆசிரியர் சொல்வதில் பெரும்பகுதி புரிய வேண்டும், எல்லாம் புரிய வேண்டியதில்லை. வீட்டுப்பாடத்தின் ஒரு பக்கத்தில் அகராதி பார்க்க வேண்டிய சொல் ஐந்தாறு இருந்தால் சரியான இடம். இருபது முப்பது இருந்தால் ஒரு படி கீழே பாருங்கள். ஒன்றுமே இல்லை, வகுப்பில் கைபேசியைப் பார்க்கத் தோன்றுகிறது என்றால் ஒரு படி மேலே. முதல் வாரப் பதற்றத்தையும் உண்மையான திணறலையும் பிரித்துப் பார்க்க வேண்டும். இடைவெளிக்குப் பின் திரும்பும் மொழி நாலைந்து வகுப்பில் மெல்ல உயிர்பெறும். இரண்டாம் வாரமும் அதே இருட்டாகவே இருந்தால் ஆசிரியரிடம் நேராகப் போய்ச் சொல்லுங்கள். படி இறங்குவதில் வெட்கம் ஒன்றும் இல்லை என்று பிள்ளையிடம் நாம்தான் முதலில் சொல்ல வேண்டும்.

நம் பிள்ளை தமிழ் வகுப்பில் சேர்ந்தால்?

தமிழுக்கு ஏ.பி. இல்லை என்று சொன்னேன். ஆனால் பெர்க்லி, சிகாகோ, பென்சில்வேனியா போன்ற பல்கலைக்கழகங்களில் தமிழ் கற்பிக்கப்படுகிறது. மொழிக் கட்டாயத்தைத் தமிழிலேயே நிறைவேற்ற விரும்பும் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் நிற்பதும் இதே கேள்விதான், எந்தப் படி?

அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிறுவனம், ஆங்கிலம் பேசுபவருக்கு ஸ்பானிஷ் கற்க ஏறத்தாழ 600 முதல் 750 மணி நேர வகுப்பும், தமிழ் கற்க ஏறத்தாழ 1,100 மணி நேரமும் வேண்டும் என்று கணக்கிடுகிறது. வீட்டில் தமிழ் கேட்டு வளர்ந்த பிள்ளை அதில் பெரிய பகுதியைத் தெரியாமலேயே கடந்திருக்கும். ஆனால் அது கடந்து வந்த பாதை பேச்சுத் தமிழ். "போயிட்டேன்" தெரியும், "போய்விட்டேன்" என்று எழுதியிருந்தால் தடுமாறும். பேச்சுக்கு ஒரு வடிவமும் எழுத்துக்கு ஒரு வடிவமும் இருப்பதை இரட்டை வழக்கு என்கிறார்கள். தமிழில் இந்த இடைவெளி மிகவும் பெரியது. அதனால் நம் பிள்ளைக்கு முதல் ஆண்டு வகுப்பில் உரையாடல் சலிக்கும், இரண்டாம் ஆண்டு வகுப்பில் வாசிப்பு திணறடிக்கும்.

எங்கள் தமிழ்ப் பள்ளியில் படித்த ஒரு பையன் போன ஆண்டு என்னிடம் கேட்டான், "ஆன்ட்டி, எனக்குத் தமிழ் பேச வரும், ஆனா மெதுவாத்தான் படிப்பேன். நான் எந்த கிளாஸ்ல சேரணும்?" ஏ.பி. மதிப்பெண்ணோடு வரும் எந்தப் பிள்ளையும் இவ்வளவு தெளிவாகத் தன் நிலையைச் சொல்லி நான் கேட்டதில்லை. அதே இரண்டு வரியைத் தமிழிலேயே எழுதித் தமிழ் ஆசிரியருக்கு அனுப்பச் சொன்னேன். எழுத ஒரு மணி நேரம் ஆனதாம், நான்கைந்து பிழையும் இருந்ததாம். அதைப் படித்துவிட்டே ஆசிரியர் அவனை இரண்டாம் ஆண்டு வகுப்பில் சேர்த்துக்கொண்டு, வாசிப்புக்கு மட்டும் வாரம் அரை மணி தனியாக வரச் சொல்லியிருக்கிறார்.